ஆள் எந்தப் பக்கத்தில் மாறினான்?

கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் வந்த நல்ல தமிழ் நாவல்களை வரிசையாகப் படித்தால் ஒன்று தட்டுப்படும். கண்மாய் மாறுகிறது, கோட்டை இடிகிறது, ஊரே தலைகீழாகிறது. ஆள் மட்டும் வந்தபடியே நிற்கிறான். மாறியிருந்தாலும், எந்தப் பக்கத்தில் மாறினான் என்று தேடிப் போனால் அந்தப் பக்கம் புத்தகத்தில் இருப்பதில்லை. முந்தின அத்தியாயத்தில் ஒருவன், அடுத்ததில் வேறொருவன், நடுவில் மூன்று நட்சத்திரக் குறி. பாத்திர வளர்ச்சி என்று அட்டையின் பின்புறம் புகழப்படுவது பல நேரம் இந்த நட்சத்திரக் குறியைத்தான்.

இதை அளக்க வெளியூர்ப் படிக்கல் தேவையில்லை. மதுரைக்காரர்களிடம் சொந்தப் படிக்கல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் முதல் 10 புகார்க் காண்டம். அதில் கண்ணகி வாய் திறப்பதே அரிது. ஒன்பதாவது காதையில் தோழி தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் வந்து சேர்வான் என்று வழி சொல்கிறாள். கண்ணகியின் பதில் ‘பீடன்று’, அது பெருமையில்லை. அவ்வளவுதான். பதினாறாவது காதையில் கோவலனுக்குச் சோறு போட்டு, வெற்றிலை பாக்கும் கொடுத்த பிறகு ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். குரல் உயரவில்லை, ஆனால் சொல்லிவிட்டாள். பதினெட்டில் செய்தி வருகிறது, பத்தொன்பதில் உடலைப் பார்க்கிறாள், இருபதில் பாண்டியன் முன் நிற்கிறாள், இருபத்தொன்றில் ஊர் எரிகிறது. ஒரு படிகூடத் தாண்டப்படவில்லை. அரசவையில் கேட்கும் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காததற்குக் காரணம் ஒன்பதாவது காதையில் விழுந்த ஒரு சொல். கீழைவாசல் வழியே கணவனோடு நுழைந்தவள் மேலைவாசல் வழியே வெறுங்கையாகப் போகிறாள் என்று ஊரின் வாசல்களை வைத்தே இளங்கோ கணக்கை முடிக்கிறார்.

முதலில் விதை, இடையில் ஒரு தளிர், பிறகு திருப்பம், கடைசியில் அதற்குக் கொடுக்கும் விலை. இந்த நாலில் விதையை இன்றைய நாவல்கள் நன்றாகவே ஊன்றுகின்றன. விலையையும் கறாராக வசூலித்துவிடுகின்றன, யாராவது செத்துப்போவார்கள். காணாமல் போவது நடுவில் உள்ள இரண்டும்தான்.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலை (2018, சாகித்திய அகாதெமி விருது 2020) இந்தக் கண்ணோடு படித்தால் பாராட்டும் எரிச்சலும் சேர்ந்தே வரும். பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள், கட்டுகிறாள். பின்னால் உடல் கருகிப் புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களின் பேச்சு. வர்ணனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எவன் குற்றவாளி, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, பிழைப்பாளா, பிழைத்தாலும் எப்படி என்று பேச்சின் தரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது அச்சு அசலாக வார்டு வாசல். பெரியாஸ்பத்திரியில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பேச்சின் வரிசை தெரியும். அப்பா நடேசன், அம்மா அமராவதி இருவரும் கண்முன்னே உடைகிறார்கள். நட்சத்திரக் குறி போட்டுத் தப்பிக்கவில்லை.

ஆனால் ரேவதி? இவளுக்கு ரவியிடம் என்ன பிடித்தது என்பதற்குப் புத்தகத்தில் பிடி கிடைப்பதில்லை. அவள் பிடிவாதம் கேட்கிறது, காரணம் கேட்கவில்லை. வீட்டார் அவளிடம் அதைக் கேட்கவே இல்லை, அதனால் வாசகருக்கும் தெரியவில்லை, அதுதான் நாவலின் நியாயம் என்று வாதாடுவோர் உண்டு. பாதி வாதம் செல்லும். மீதிப் பாதி செல்லாது, ஏனென்றால் எத்தனை குரல்கள் அழுதாலும் அழப்படுகிறவள் யார் என்று தெரிந்தால்தான் அழுகைக்கு எடை. இரண்டு பேரும் தனியே இருக்கும் ஒரு காட்சி, ஒன்றரைப் பக்கம், போதும். அவன் ஆட்டோவில் மீட்டர் கணக்கை அவள் கையில் கொடுத்தான் என்பது போல அற்பமான ஒன்று. அது இருந்திருந்தால் பின்னால் வரும் அத்தனை பேச்சும் வேறு கனத்தில் இறங்கியிருக்கும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008, விருது 2011). ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய புத்தகம், சொல்லும் காலம் சுமார் 600 ஆண்டு. வகுத்துப் பார்த்தால் ஓர் ஆண்டுக்கு ஒன்றே முக்கால் பக்கம். அறுபது வயது வாழ்ந்தவனுக்கு நூறு பக்கம் வரும், அதையும் அவன் தன் அண்ணன் தம்பி, பங்காளி, படைத்தளபதி, கலெக்டர் எல்லாரோடும் பங்கு போட வேண்டும். ஆக, தனி ஆளின் வளைவை இதில் தேடுவது கிணற்றில் தூண்டில் போடுவது. இதில் பாத்திரம் தாதனூர் என்ற ஊரும் மதுரைக் கோட்டையும்தான். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிபட்டு அகழி தூர்ந்து ஊர் வெளியே வழிந்த கதை வெளி வீதிகளில் நடப்பவர்களின் காலுக்கடியில் இருக்கிறது. இடிப்பு வேலையைப் பார்த்தவர்களின் பேரில் அமைந்த பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்ற பெயர்களே அந்த இடிப்பின் ரசீதுதான். காவல் தெய்வங்கள் கோட்டையை விட்டு இறங்கிப் போகும் பகுதியில், ஒரு மனிதன் வீடு இழப்பதைவிடக் கூடுதலாக ஒரு சுவர் நம்மை உலுக்குகிறது. விதை, தளிர், திருப்பம், விலை நாலும் கச்சிதம். என்ன, அவை கல்லுக்கு நடக்கின்றன.

சோ. தர்மனின் ‘சூல்’ (2016, விருது 2019) அதே வேலையைக் கண்மாயை வைத்துச் செய்கிறது. எட்டயபுரம் சீமையில் உருளைக்குடி. மடை, கலுங்கு, கரை, மீன், மரம் என்று நீர் நிறைந்து கிடந்த ஒன்று, விடுதலைக்குப் பிறகு கேட்பாரற்றுப் போகும் வரை. கண்மாய்ப் பாசனத்து ஊர்க்காரர்களுக்கு இந்த நாவல் கண் கலங்காமல் முடியாது. மனிதர்களோ ஆளுக்கு ஒரு கதை சொல்லிவிட்டுக் கரையேறிவிடுகிறார்கள். முடித்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால் கண்மாயின் ஒவ்வொரு மூலையும் ஞாபகமிருக்கும், பேர்கள் குழம்பும். இதைக் குறை என்பதா குணம் என்பதா என்பதில்தான் மனம் இரண்டுபடுகிறது. பொதுச் சொத்தின் கதைக்குத் தனி நாயகன் இருந்தால் அது பொய்யாகிவிடும் என்பதும் நியாயம். அந்தப் பொதுச் சொத்து பாழானபோது ஒரே ஒருவனாவது உள்ளுக்குள் எப்படிக் காய்ந்தான் என்று பார்க்க ஆசைப்படுவதும் நியாயம்.

ஊர் நன்றாக வளர்ந்து ஆள் வளராததற்கு ஒரு பட்டறைக் காரணம் உண்டு: கள ஆய்வு. ஆவணம், செப்பேடு, வாய்மொழி, வைத்தியக் குறிப்பு என்று எழுத்தாளர் சேர்த்துவைக்கிறார். சேர்த்ததை விட மனசு வராது. யார் வாயிலாவது போட்டாக வேண்டும். நாவலில் ஒரு பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தகவல் சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பெரியவர் அன்றோடு முடிந்தார். அவருக்குப் பொய் சொல்ல, மறக்க, பயப்பட இனி வாய்ப்பில்லை. தகவல் தப்பாகிவிடுமே. தகவல் சொல்லும் பாத்திரத்தைத் தவறாகச் சொல்ல விடுவதுதான் இதற்கு மருந்து. இரண்டு கிழவர்கள் ஒரே கண்மாயின் மடைக்கணக்கை இரண்டு விதமாகச் சொல்லி வம்பளந்தால் தகவலும் வந்துவிடும், ஆளும் பிழைப்பார்கள். செய்கிறவர்கள் குறைவு.

மாற்றத்தைச் சொல்வதற்கும் காட்டுவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். செய்முறை விஷயத்தில் கெட்டி. விசேஷ வீட்டுக்குக் கிளம்பும்முன் மொய் நோட்டைப் புரட்டி, அவர்கள் நமக்கு 501 செய்தார்களா, சரி, நாம் 1001 என்று முடிவுகட்டிப் போகிறவன். ‘காலப்போக்கில் அவனுக்குப் பணத்தின் மீதிருந்த பற்று விட்டுப்போயிற்று’ என்று எழுதினால் வாசகர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார், நம்பமாட்டார். அதே ஆளை இப்படி நகர்த்தலாம். பக்கம் 40: நோட்டைப் பார்த்து 1001 எழுதச் சொல்கிறான். பக்கம் 120: மழையில் ஓடு ஒழுகி நோட்டின் பாதி மை கரைந்துபோகிறது. யார் எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் அவன் ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் அப்பத்தா வயசுக் கிழவி ஒருத்தி தானாக வந்து, ‘உனக்கு நான் 201 பாக்கிடா, எழுதிக்க’ என்கிறாள். அவன் எழுதிக்கொள்கிறான். இன்னும் மாறவில்லை, கவனியுங்கள். பக்கம் 260: அந்தக் கிழவி வீட்டுப் பேத்திக்குக் காதுகுத்து. திருப்பிச் செய்ய அந்த வீட்டில் ஆளில்லை. நோட்டை எடுக்கிறான், திறக்காமலே பரணில் போடுகிறான், 5001 எழுதச் சொல்கிறான். மொய் எழுதுகிறவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறார். பக்கம் 330: ‘என் மகளுக்கு இவன் செஞ்சது எவ்வளவு, அந்த வீட்டுக்குச் செஞ்சது எவ்வளவு’ என்று அண்ணன் பேச்சை நிறுத்துகிறான், மதினி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போகிறாள். ‘மாறினான்’ என்ற சொல்லே வரவில்லை. வர வேண்டியதில்லை.

இந்த நாலு காட்சிக்கும் சேர்த்து ஏழெட்டுப் பக்கம் போதும். நானூறு பக்க நாவலில் இடமில்லாமல் போகிறது என்றால், இடம் எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும்.

தமிழில் இன்னொரு கருவி கையிலேயே இருக்கிறது, பலர் தொடுவதில்லை. விளிச்சொல். நம்மூரில் ஒருவனை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதில் வயசு, சாதி, காசு, கோபம், பாசம் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதல் பாகத்தில் ‘ஏய், இங்க வா’ என்று கூப்பிடப்பட்டவன் கடைசியில் ‘வாங்க, உட்காருங்க’ என்று அழைக்கப்படுகிறான் என்றால், மூன்று பக்க மனவோட்டம் செய்யாததை அந்த இரண்டு சொல் செய்துவிடும். ‘என்னங்க’ என்று மட்டும் அழைத்துவந்த மனைவி ஒருநாள் எதுவும் சொல்லாமல் நேரே பேச ஆரம்பிப்பது ஒரு திருப்பம். இன்றைய நாவல்களில் வட்டார வழக்கு ஏராளமாக இருக்கிறது, ஆனால் அது பூச்சு. முதல் பக்கத்தில் ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ என்று பேசியவன், சென்னையில் இருபது வருஷம் கடை வைத்துத் திரும்பியும் ஒரு எழுத்து பிசகாமல் அதையே பேசுகிறான். நிஜத்தில் அவன் பேச்சு கலங்கியிருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் பழசுக்குத் திரும்ப முயன்று சற்றுக் கூடுதலாகவே மதுரை பேசுவான். அந்தக் கூடுதல்தான் பாத்திரம். (மதுரைக்காரன் வாயில் ‘ஏலே’ போடுவதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். அது திருநெல்வேலிச் சரக்கு.)

தொடராக வந்த நாவல்களுக்கு வேறு கணக்கு. சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’ ஆனந்த விகடனில் நூறு வாரத்துக்கு மேல் மணியம் செல்வன் (ம.செ.) ஓவியத்தோடு ஓடியது. வாராவாரம் ஒரு கொக்கி வேண்டும். அறுபதாவது வாரத்தில் புதிதாக வந்து சேரும் வாசகருக்கும் நாயகன் யாரென்று உடனே பிடிபட வேண்டும். அதனால் பாரி முதல் வாரமே முழுசாகச் செய்து வைக்கப்பட்டவன். தப்பு செய்யமாட்டான், சந்தேகப்படமாட்டான். இரண்டு தடிப் புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது அவன் பெருமை திரும்பத் திரும்ப அறிமுகமாவது அலுக்கும். ஆனால் இதைப் பாரியின் கதையாகப் படிக்காமல் கபிலரின் கதையாகப் படித்துப் பாருங்கள். நீலன் வழிகாட்ட மூச்சிரைக்க மலையேறும் புலவர், அரண்மனைகளைப் பார்த்துச் சலித்தவர், தான் கற்றதெல்லாம் காட்டு அறிவுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதை உணர்கிறார். அது படிப்படியாக நடக்கிறது, ஒவ்வொரு படியும் காட்சியாக இருக்கிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்ற வேண்டுமென்றால் கல் அசையாமல் கிடக்கத்தான் வேண்டும். பாரி அந்தக் கல். மேலூர், சிங்கம்புணரி தாண்டி, பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை ஏறுகிறவர்கள் அந்த முதல் அத்தியாயங்களைப் படித்துவிட்டு ஏறலாம், மூச்சு வாங்கும் இடங்களில் கபிலர் துணைக்கு இருப்பார்.

வரலாற்று நாவல்களில் மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’ (விருது 2022) கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரும் உடன் இருந்தவர்களும் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்தப்பட்ட கதை. முடிவு தெரிந்த கதையில் ஆள் மாறுவதைவிட ஆள் தாங்குவதுதான் காட்சி. அந்த எதிர்பார்ப்போடு படித்தால் ஏமாற்றமில்லை.

வாசகர் பக்கத்துப் பிழையும் ஒன்று இருக்கிறது. சினிமா பார்த்துப் பார்த்து, மாற்றம் என்றால் திருந்துவது என்று மனசில் பதிந்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு குடிகாரன் குடியை விட வேண்டும், கஞ்சன் அள்ளிக் கொடுக்க வேண்டும். கெட்டுப்போவதும் மாற்றம்தான். மாற ஒரு வாய்ப்பு வந்து, அதைப் பார்த்து, வேண்டாமென்று கதவைச் சாத்துவதும் முழு வளைவுதான். ஒருவன் மாறவில்லை என்பது குறையில்லை, அவன் முன்னால் அந்த வாய்ப்பே வைக்கப்படவில்லை என்பதுதான் குறை.

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஸ்டாலில் நின்றபடியே பத்து நிமிஷத்தில் இதைச் சோதிக்கலாம். நானூறு பக்கப் புத்தகம் என்றால் 40, 200, 360 பக்கங்களைத் திறங்கள். கடைசிப் பக்கம் வேண்டாம், அங்கே எல்லாரும் ஞானியாகிவிடுவார்கள். மூன்று இடத்திலும் ஒரே ஆள் பேசும் பகுதியைக் கண்டுபிடித்து, அவன் யாரிடம் எதைக் கேட்கிறான், எப்படிக் கூப்பிடுகிறான் என்று மட்டும் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் அவன் கல். பக்கத்தில் குழவி யாரென்று தேடுங்கள், அதுவும் கிடைக்கவில்லையென்றால் யோசித்து வாங்குங்கள். பிறகு அத்தியாயங்களின் முதல் வரிகளை மட்டும் சரசரவென்று புரட்டுங்கள். ‘பத்தாண்டுகள் கழிந்தன’ வகை வரி இரண்டு தடவைக்கு மேல் வந்தால், ஆள் மாறியது அந்தச் சந்துக்குள்தான். முன்பக்கத்தில் வம்சாவளி அச்சிட்டிருந்தால் தனி ஆள் மீது ஆசை வைக்க வேண்டாம், அது குலத்தின் கதை. வழக்கமான 10 சதவீதக் கழிவைவிட இந்தப் பத்து நிமிஷம் கூடுதல் மிச்சம். தடிப் புத்தகத்துக்குக் காசு போடத் தயங்குபவர்களுக்கு நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை முதல் திறந்திருக்கிறது. உட்கார்ந்தே நூறு பக்கம் பார்த்துவிடலாம்.

கடைசியாக, பாத்திர வளர்ச்சியில் அக்கறை உள்ளவர்கள் விடக்கூடாத ஒரு பரிசோதனை பெருமாள்முருகனுடையது. ‘மாதொருபாகன்’ (2010) குழந்தையில்லாத தம்பதி காளியையும் பொன்னாவையும் ஒரு விளிம்பில் விட்டுவிட்டு நிற்கிறது. அதற்குத் தொடர்ச்சியாக ஒன்றல்ல, இரண்டு நாவல் எழுதினார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி இல்லை, பொன்னா பிழைத்துக் கிடக்க வேண்டும். ‘அர்த்தநாரி’யில் காளி உயிரோடு இருக்கிறான், பேச மறுக்கிறான். ஒரே விதை, இரண்டு வரப்பு. ஒரு ஆள் மாறுவது அவன் குணத்தாலா, அவனுக்கு நேர்ந்ததாலா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான சோதனை தமிழில் நடந்ததில்லை என்றே சொல்லலாம். பொன்னா இரண்டிலும் வேறு வேறு பெண்ணாக ஆவதுதான் வெற்றி. ‘ஆலவாயன்’ பொன்னா அன்றாட வேலையின் வழியே, ஆடு மாடு நிலம் என்று கையால் மாறுகிறாள். அதனால் நம்பமுடிகிறது. ‘அர்த்தநாரி’யில் காளியின் மௌனம் ஓரிடத்துக்குப் பிறகு அதே தடத்தில் சுற்றுகிறது, தளிர் விட வேண்டிய இடங்களில் மௌனமே திரும்ப வருகிறது. படிப்பவர்கள் ‘அர்த்தநாரி’யை முதலில் முடித்துவிடுவது நல்லது. நடுவில் ஒரு வாரம் வேறு எதையாவது படியுங்கள். அடுத்தடுத்து எடுத்தால் ஒன்றில் செத்தவன் இன்னொன்றில் சோறு கேட்பான், இரண்டு பொன்னாவும் கலந்துபோவார்கள்.